குளிர் காலிலிருந்து ஏறும்

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வீடியோவில் பார்த்தேனே. காரை நிறுத்திவிட்டு வீட்டு வாசல் வரை நடந்து வந்ததற்கே உன் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து கிடந்தது. குல்லா எங்கேடா என்று கேட்டால், "பக்கத்துலதானம்மா, ரெண்டே நிமிஷம்" என்கிறாய். பின்னாலிருந்து நித்யா, "தலை கலைஞ்சிடுமாம் அத்தை" என்று போட்டுக் கொடுத்தாள். நல்ல மருமகள். இருக்கிற நாலு முடிக்கு உனக்கு இந்தக் கவலை. அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன். போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "மாசியில வேணாம்மா. இங்க குளிரு ஆளக் கொல்லும். அப்பா காலை வச்சிக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாது. ஆடியில வாங்க, நல்லா வெயில் அடிக்கும், சுத்திப் பாக்கலாம்" என்றாய். உன் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "சரிப்பா, நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். அது மோட்டார் போடுகிற வேளையே இல்லை. பெய்த மழையில் வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது.

போனில் உன்னோடு வழக்காட என்னால் முடியாது. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும், இல்லாவிட்டால் லைன் விட்டு விட்டு வரும். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி. பாதியில் நிறுத்திவிட்டு "படிச்சிட்டேம்மா" என்று சொன்னால் நித்யாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீ பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கமா, மயிலாப்பூரா? ஆடியில் வரச் சொல்கிறாயே, ஆடி மாதத்தில் உன் அப்பா என்றைக்காவது ஊரை விட்டு வெளியே போய்ப் பார்த்திருக்கிறாயா? மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவர் நமக்கு ஆள் இல்லை, வாய்க்காலுக்குத்தான் ஆள். குறுவை நடவு, களை, உரம் என்று ஒன்று முடிவதற்குள் சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வானத்தைப் பார்த்தே போய்விடும். வேதாரண்யம் பக்கம் காற்று சுழன்றால் இங்கே இவருக்குச் சோறு இறங்காது. தை கடைசியில் சம்பாவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் தனக்குக் குடும்பம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வரும். அறுப்பதற்கு முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவதால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். மாசி முழுக்க அதற்கு எங்கள் தயவு வேண்டியதில்லை. ஆக, எங்களுக்கு விடுமுறை என்று வாய்த்தது மாசிதான். உங்கள் ஊரில் அந்த மாதத்தில் ஆறு, ஏரியெல்லாம் உறைந்து கிடக்கிறது என்றால் அது யார் குற்றமும் இல்லை. குளிரில் வந்தால் வந்தோம், இல்லாவிட்டால் வருடா வருடம் "ஆடியில வாங்க" என்று நீ சொல்வாய், "ஆகட்டும்" என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருப்போம். விசா வந்து பீரோவில் தூங்குகிறது. டிக்கெட் மட்டும்தான் பாக்கி. அதைத்தான் நீ போட மாட்டேன் என்கிறாய்.

ஏன் மாட்டேன் என்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். போன மாசியில் மணாலியில் நடந்ததை நினைத்துப் பயப்படுகிறாய். அப்பாவைப் பனிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் காலையே பறிகொடுக்கப் பார்த்தோமே என்று உன் நெஞ்சில் அது உட்கார்ந்துவிட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். அதே கதை என்னிடம் வேறு மாதிரி இருக்கிறது. என் பக்கத்தையும் கேள்.

கனடா போவதற்கு முன்னால் நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவை பனியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். நான் அந்த நிமிடமே சம்மதித்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்த தூர தேசம் திருப்பதியும் வேளாங்கண்ணியும்தான். உன் அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் அவராகவே, "குளிருக்கு வேண்டியத வாங்கணும்ல, கிளம்பு" என்றார். தஞ்சாவூரில் அந்தத் துணிக்கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "மார்கழி போயிடுச்சேம்மா, இப்ப ஸ்வெட்டர் கேக்குறீங்க?" என்றார். "எங்களுக்கு இனிமேதாங்க மார்கழி" என்றேன். மேலே பரண் மாதிரி இருந்த இடத்திலிருந்து மூட்டையை இறக்கினார். அந்த வெயிலில் உன் அப்பா ஸ்வெட்டரை மாட்டிப் பார்த்து வேர்த்து விறுவிறுத்து நின்றார். கடைப் பையன் அவருக்கு மின்விசிறியைத் திருப்பிவிட்டான்.

உன் அப்பாவுக்குக் குளிரைப் பற்றி ஒரு சித்தாந்தம் உண்டு. உனக்கும் தெரியும், சின்ன வயதில் உன் காதிலும் பஞ்சு அடைத்துத்தான் அனுப்புவார். பனி தலையில்தான் இறங்கும், தலையையும் காதையும் மூடிவிட்டால் குளிர் ஆளை ஒன்றும் செய்யாது என்பது அது. நம் ஊரில் அவர் சொல்வது பொய்யில்லை. மார்கழிக் காலையில் வாய்க்கால் பக்கம் போகிற ஆண்பிள்ளைகளைப் பார், தலையில் துண்டு, காதை மூடி முடிச்சு, சில பேருக்கு அதற்கு மேல் குரங்குக் குல்லா. கீழே பார்த்தால் வெறுங்கால், பனி கோத்த வரப்புப் புல்லில் நடந்துகொண்டிருப்பார்கள். அதே கணக்கில்தான் அவர் மணாலிக்கும் சாமான் வாங்கினார். குரங்குக் குல்லா, மப்ளர், அதற்கு மேல் ஒரு மப்ளர், காதுக்குப் பஞ்சு. காலுக்கு? வழக்கமாகப் போடுகிற தோல் செருப்பு. "என் காலுக்கு என்னடி? இது சேத்துலயே நின்ன காலு" என்றார். நித்யா பெங்களூரிலிருந்து உள்ளுடுப்பு வரவழைத்து அனுப்பியிருந்தாள், தோலோடு ஒட்டிக்கொள்ளுமே, அது. அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, பாம்பு உரிச்ச சட்டை மாதிரி" என்று ஒதுக்கி வைத்தார். வேட்டிக்குள்ளே போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கெஞ்சி நான்தான் போட வைத்தேன். மணாலி பஸ் நிலையத்தில் அடித்த காற்றில் ஊருக்கே தெரிந்துபோனது.

நான் மட்டும் என்ன, பெரிய புத்திசாலியா? புடவைக்குள் பாவாடைக்கு மேல் பாவாடையாகக் கட்டிக்கொண்டு போனேன். எல்லாம் பருத்தி. மலையேறுகிற வழியில் வேர்த்து, இறங்கி நின்றதும் அந்த வேர்வையே பனிக்கட்டியாகிவிடும்போல நடுங்கினேன். புடவைக் கரை நனைந்து அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. வழியிலிருந்த கடையில் பனிக்கான உடுப்பு வாடகைக்குக் கொடுத்தார்கள். நித்யா எனக்கு ஒரு சிவப்புக் கால்சட்டையையும் கோட்டையும் முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸையும் எடுத்து வந்து, "அத்தை, வெக்கப்படாம போடுங்க, இங்க யாரும் நம்ம ஊரு இல்ல" என்றாள். புடவையைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு போட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "தீயணைப்பு வண்டி மாதிரி இருக்க" என்றார். சிரிக்கட்டும், அந்த உடுப்பைப் போட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. அவருக்கும் ஒன்று எடுத்து நீட்டினாய். "ஊரான் போட்டுக் கழட்டுன கால்சட்டையில நான் கால விடுறதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பூட்ஸையும் தொடவில்லை. நீ கொடுத்த காலுறையை மட்டும் போட்டு, அதற்கு மேலேயே செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த வெள்ளை வெளியை நான் இப்போதும் மறக்கவில்லை, தம்பி. நம் பக்கம் நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டிய வயல் விரிந்து கிடக்குமே, அந்த அளவுக்கு விரிந்து கிடந்தது. நீயும் நித்யாவும் ஒருவர் மேல் ஒருவர் பனியை வாரி எறிந்துகொண்டிருந்தீர்கள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் அள்ளி வாயில்கூடப் போட்டுப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. உன் அப்பா மட்டும் தனியாகப் போய் நின்று செருப்புக் காலால் பனியைச் சீய்த்துக்கொண்டிருந்தார். என்னங்க தேடுறீங்க என்றால், "அடியில மண்ணு எப்படி இருக்குன்னு பாக்குறேன். இவ்வளவையும் போத்திக்கிட்டு இருக்கே, கீழ ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்கிறார். இமயமலையைப் பார்க்க வந்த மனிதர் பார்த்தது அதன் மண்ணை. குளிரலையா என்று கேட்டோம். "குளுரவே இல்லடி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்கோ பெருமை தாங்கவில்லை. கம்பளிக் காலுறைக்கு மேல் பூட்ஸ் போட்ட எங்களுக்கே விரல் கடுக்கிறது, இவர் செருப்போடு நிற்கிறாரே என்று நீ வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாய். டெல்டாக்காரன் காலுடா என்று அங்கிருந்து ஒரே பாராட்டு. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக் கைதட்டியது நான்தான்.

பிறகு தேநீர்க் கடைக்குள் போனோம். தகரக் கூரை, நடுவில் கரி அடுப்பு. உன் அப்பா கடைசியாக உள்ளே வந்தார். எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை. "ஏங்க, செருப்பு எங்க?" என்றேன். அவரும் குனிந்து பார்த்தார். அந்த முகத்தை நீ கவனித்தாயா தெரியவில்லை. யாரோ திருடிக்கொண்டு போன இடத்தைப் பார்க்கிற மாதிரி தன் காலையே பார்த்தார். பனியில் எங்கோ செருப்பு மாட்டிக்கொண்டு கழன்றிருக்கிறது. அங்கிருந்து கடை வரைக்கும் ஈரக் காலுறையோடு பனியில் மிதித்து நடந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. காலுறையைக் கழற்றினால் விரல் அத்தனையும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. அவரோ "சும்மா இரு, காட்டிட்டாப் போச்சு" என்று காலைக் கரி அடுப்பை நோக்கி நீட்டினார். அப்போது நித்யா பாய்ந்து அவர் காலைப் பிடித்தாளே, "வேணாம் மாமா! குளிர் தெரியாத காலுக்குச் சூடும் தெரியாது. வெந்து போயிடும்" என்று கத்தினாளே, அந்தக் குரல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சர்க்கரையில் மரத்துப்போன காலை வெந்நீரில் வைத்துத்தான் அவளுடைய அப்பா ஒரு விரலை இழந்திருக்கிறார். உன் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார் என்பது நமக்குத் தெரியும். அது கால் வரைக்கும் போயிருந்தது நம் யாருக்கும் தெரியாது.

நான் பையிலிருந்த தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனேன். அதுவும் கூடாது என்றாள். உடம்புச் சூடுதான் நல்லது என்றதும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பெஞ்சில் எதிரே உட்கார்ந்து, அந்த வாடகைக் கோட்டின் பொத்தானைக் கழற்றி, அவர் பாதம் இரண்டையும் துடைத்து என் வயிற்றோடு வைத்துக் கோட்டை மூடிக்கொண்டேன். ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கடை நிறைய ஆட்கள், எந்தெந்த ஊர்க்காரர்களோ. உன் அப்பா கூசிப்போனார். "ஏய், என்னடி இது, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். "பாக்கட்டும். பாத்துட்டுப் போய் அவங்க வீட்டுக்காரர் காலையும் பாக்கட்டும்" என்றேன். நீ வாசலில் நின்று வண்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தாய். இங்கே எனக்குக் கோபம், பயம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் திடீரென்று முகத்தைச் சுளித்து, "ஆ... வலிக்குதுடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே எனக்கு இனித்தது அதுதான். நித்யா அழுதேவிட்டாள். கடைக்காரம்மாவுக்கு நம் பாஷை தெரியாது, என்ன புரிந்ததோ, எல்லோருக்கும் இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஆனால் அந்த டாக்டர் ஒரு குச்சியின் முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கேட்டார், நித்யா மொழிபெயர்த்தாள். பாதி இடத்தில் உன் அப்பாவுக்குத் தொட்டதே தெரியவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், "கொஞ்ச நாளா பஞ்சு மேல நடக்குற மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கும். வயசானா அப்படித்தான்னு இருந்துட்டேன்" என்று சாவகாசமாகச் சொல்கிறார். எனக்கு அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. டாக்டர் முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். அறைக்கு வந்து கேட்டேன், அது உனக்கும் கேட்டிருக்கும், பக்கத்து அறைதானே.

இதுதான் நடந்தது. இதில் நீ எடுத்துக்கொண்டது, அப்பாவுக்குக் குளிர் ஆகாது என்பது. நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். ஊருக்கு வந்து தஞ்சாவூர் டாக்டரிடம் போனபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, நீங்க பனிக்குப் போனது நல்லதாப் போச்சு. இல்லன்னா வயல்ல முள்ளோ நெல்லுத் தாளோ குத்தி, சீழ் வச்ச பொறவுதான் என்கிட்ட வந்திருப்பீங்க" என்றார். அறுத்த தாளில் வெறுங்காலோடு நடக்கிற மனிதர். என்றைக்கோ ஒரு நாள் நம் வயலிலேயே அது நடந்திருக்கும், அங்கே செருப்பு எங்கே என்று கேட்க நான்கூட இருந்திருக்க மாட்டேன். நீ கூட்டிக்கொண்டு போன பனிதான் அதைக் காட்டிக்கொடுத்தது. நீ அவர் காலைப் பறிகொடுக்கப் பார்க்கவில்லை, காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய். இதை நான் போனில் நாலைந்து தடவை சொல்லிவிட்டேன், நீ "ம், ம்" என்று கேட்டுக்கொள்கிறாய், உள்ளே ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாய். எழுத்தில் வந்தால் ஒருவேளை ஏறும்.

இப்போது உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேள். வயலுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார். முதலில் ஊரில் கேலி செய்தார்கள், இப்போது இன்னும் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்குள்ளே சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற செருப்பு. விளக்கு வைத்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிடுகிறேன். "மாட்டுச் சந்தையில பல்ல பாக்குற மாதிரி பாக்குற" என்று முனகுவார், ஆனால் நேரம் தவறினால் அவரே வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மாத்திரையும் ஒழுங்கு, சாயங்கால நடையும் ஒழுங்கு. இனிப்பு விஷயத்தில் மட்டும் கோயில் பிரசாதம் என்று ஏமாற்றப் பார்ப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிருக்கு உடுத்துவதிலும் நான் இப்போது பழைய ஆள் இல்லை. மார்கழிக் குளிர் மேலிருந்து இறங்கும். உங்கள் ஊர்க் குளிர் காலிலிருந்து ஏறும். அதனால் அவரைக் கீழிருந்து மேலேதான் உடுத்தப் போகிறேன். பருத்திக் காலுறை வேண்டாம், கம்பளிதான், அதுவும் இறுக்கமாக இல்லாமல். பூட்ஸ் அவர் அளவுக்கு ஒரு சுற்று பெரிதாக வாங்கியிருக்கிறேன், விரலை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். உள்ளே மணலோ மடிப்போ இருந்தால் அவருக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் நான் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் அவர் கால் போகும். வெந்நீரை முதலில் என் முழங்கை பார்க்கும். வெளியே போனால் சும்மா முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே வந்து காலுறையை மாற்ற வேண்டும், ஈரம் இருக்கிறதோ இல்லையோ. தோலோடு ஒட்டுகிற உடுப்பு, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல்தான் காற்று நுழையாத கோட்டு. இதெல்லாம் நித்யா சொல்லச் சொல்ல நான் படித்தது. உன் அப்பா காலையில் காப்பி குடிக்கும்போது அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பழகுகிறார். இந்த ஊர் வெயிலில் அதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். வேட்டியா, கால்சட்டையா என்று அவரிடம் கேட்டேன். "அங்க போயி அவனுக்குத் தொந்தரவா நிக்கக் கூடாது, எது சொல்றியோ அத போடுறேன்" என்றார். இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

உனக்கும் இதே பாடம்தான். குல்லா போடு. நித்யா கையுறையை உன் கோட்டுப் பையில் வைத்து அனுப்பினால் அது பையில் இருப்பதற்கு இல்லை. வழுக்குகிற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. எங்கேயாவது குளிர்ந்தால், வலித்தால், அலுப்பாக இருந்தால், அவளிடம் சொல். உன் அப்பா மாதிரி மெத்து மெத்தென்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு உட்காராதே. நீ அவர் ஜாடை மட்டும் வாங்கி வரவில்லை, அந்த வாயையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். இந்த ஒரு புத்திமதியைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் நீ எப்படியும் கேட்கப் போவதில்லை.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் காலைக் காட்டப் போனபோது, கனடாவுக்குப் போகலாமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்கம்மா. வெளியில ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க. தினம் காலைப் பாருங்க. போய்ட்டு வாங்க" என்றார். உன் அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அவன் வீட்டு ஜன்னல் பெருசா இருந்தா போதும், உள்ள உக்காந்தே பாத்துக்குறேன்" என்றார். மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் நீ மாசியில் வேண்டாம் என்றாய்.

நீ எங்களைப் பத்திரமாக வைத்திருக்கப் பார்க்கிறாய், புரிகிறது. கோபமில்லை. ஆனால் பத்திரம், பத்திரம் என்று எங்களை இங்கேயே வைத்துவிட்டால் நாங்கள் உன்னை எப்போது பார்ப்பது? போனில் தெரிவது உன் முகமும் பின்னாலிருக்கிற சுவரும்தான். நீ எந்தக் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறாய், எந்த அடுப்பில் நித்யா ரசம் வைக்கிறாள், சாயங்காலம் வந்து எங்கே உட்காருகிறாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன் அப்பாவுக்கும்தான். அவர் உன்னிடம் இன்னொரு தடவை கேட்க மாட்டார். கால் மரத்துப்போனதையே சொல்லாத மனிதர், மனதில் இருப்பதையா சொல்லப் போகிறார்? அதனால் அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன். பெற்ற பிள்ளை வீடாகவே இருந்தாலும் கூப்பிடாமல் வந்து நிற்க எங்களுக்கு மனம் வராது. ஆகவே யோசிக்காமல், இன்றைக்கே போன் செய்து, என்னிடம் இல்லை, அவரிடம், "வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல். அவரை உடுத்திக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

அம்மா